நோயாளிக்குத் தனிச் சட்டி வேண்டாம்: இரத்த அழுத்தமும் நம் வீட்டுச் சாப்பாடும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் பக்கவாதத்தால் படுத்திருந்த ஒரு பெரியவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. பத்து வருடமாக இரத்த அழுத்தம் இருந்தது, மாத்திரையும் சாப்பிட்டு வந்தார் என்று வீட்டார் சொன்னார்கள். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா என்று கேட்டோம். அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குறைச்சோம் ஹஜ்ரத். அவருக்கு மட்டும் தனியா உப்பில்லாம ஆக்கி வச்சேன். ஒரு மாசம் சாப்பிட்டாங்க. அப்புறம் பிள்ளைங்க கருவாடு வச்சுச் சாப்பிடும்போது இவங்க மட்டும் சப்புன்னு எப்படிச் சாப்பிடுவாங்க? விட்டுட்டாங்க."

அந்த அம்மா செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர் "உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார். எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. வீட்டுக்கு வந்ததும் நோயாளிக்குத் தனிச் சட்டி வைக்கிறோம். அந்தச் சட்டி ஒரு மாதம் தாங்குகிறது. நோயோ ஆயுள் முழுதும் கூட வருகிறது. ஒருவருக்காகச் சமையலைப் பிரிப்பதை விட்டு, வீட்டுச் சட்டியையே மெல்ல மாற்றுவதுதான் நிலைக்கும் வழி. அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நோய் எவ்வளவு பரவலானது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நம் நாட்டில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக அது கூறுகிறது. மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகம். நம் பள்ளிவாசலில் ஒரு ஸஃப்பில் முப்பது பேர் நின்றால், அதில் பத்துப் பேருக்கு இருக்கலாம். பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாமலேயே பல ஆண்டுகள் இருந்து, ஒருநாள் மூளையையோ இதயத்தையோ சிறுநீரகத்தையோ தாக்குகிறது.

இரத்த அழுத்தம் இரண்டு எண்களில் சொல்லப்படுகிறது. இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். விரியும்போது உள்ளது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேல் எண் 140-ஆகவோ அதற்கு மேலாகவோ, அல்லது கீழ் எண் 90-ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்று நம் நாட்டு மருத்துவர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். ஒருநாள் பதற்றத்தில் கூடியதை வைத்து முடிவு செய்வதில்லை.

உப்பு என்ன செய்கிறது?

உப்பில் எடைக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு சோடியம். உடலில் சோடியம் கூடினால், அதைக் கரைத்து வைக்க உடல் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு கூடினால் குழாயின் சுவரில் அழுத்தம் கூடும் அல்லவா? இரத்தக் குழாயிலும் அதுதான் நடக்கிறது. கூடுதல் சோடியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. வயது ஆக ஆக, சர்க்கரை நோய் சேரச் சேர, அந்த வேலை தளர்கிறது. அதனால்தான் இளமையில் எவ்வளவு உப்புச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவருக்கு ஐம்பதில் அழுத்தம் ஏறுகிறது.

பொட்டாசியம் என்ற சத்து இதற்கு நேர் எதிர். அது சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது, குழாய்களைத் தளர்த்துகிறது. கீரை, காய்கறி, பழம், பருப்பு ஆகியவற்றில் அது நிறைய இருக்கிறது. ஆகவே இந்நோய்க்கு உணவு முறை இரண்டு பக்கம் கொண்டது: உப்பைக் குறைப்பது ஒரு பக்கம், காய்கனியைக் கூட்டுவது மறுபக்கம். நாம் முதல் பாதியை மட்டும் கேட்டு வைத்திருக்கிறோம்.

உப்புப் பொட்டலத்தில் தேதி எழுதுங்கள்

வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. கிட்டத்தட்டத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன். சமையலில் போடுவது, ஊறுகாயில் இருப்பது, பிஸ்கட்டில் இருப்பது எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். நம் நாட்டில் சராசரியாக ஒருவர் 8 கிராம் சாப்பிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

யாரும் தராசு வைத்துச் சமைப்பதில்லை. ஆகவே எளிய கணக்கு ஒன்று சொல்கிறோம். அடுத்த முறை ஒரு கிலோ உப்புப் பொட்டலம் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதுங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால், ஆளுக்கு 5 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 25 கிராம். ஒரு கிலோ 40 நாள் வர வேண்டும். வெளியிலிருந்து வரும் உப்பையும் சேர்த்துத்தான் 5 கிராம் என்பதால், பொட்டலம் 50 நாளாவது வந்தால் நல்லது. மீன் கழுவுவதற்கும் தொண்டை கொப்பளிப்பதற்கும் தனிப் பொட்டலம் வைத்துக்கொண்டால் கணக்குக் குழம்பாது.

பல வீடுகளில் இப்படிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். "நாங்க உப்பு ரொம்பக் கம்மிதான் ஹஜ்ரத்" என்று சொன்னவர்களின் பொட்டலமே 25 நாளில் தீர்ந்திருக்கிறது. நாக்கு சொல்வதும் பொட்டலம் சொல்வதும் வேறு வேறு.

நம் சமையலறையில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்

கருவாடும் மாசியும்: கருவாடு உப்பில் ஊறிக் காய்ந்தது. மாசி உப்பு நீரில் வெந்து காய்ந்தது. மாசிச் சம்பலில் மேலும் உப்புச் சேர்க்கிறோம். இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் கருவாடு வாரந்தோறும் வரும் பண்டமாக இருக்கக் கூடாது. எப்போதாவது செய்யும்போது வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் விடுங்கள். கழுவினால் உப்புக் குறையும், முழுதும் போகாது.

உப்புக்கண்டம்: குர்பானி இறைச்சியை உப்புத் தடவிக் காயவைப்பது குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தின் தேவை. இப்போது உறைய வைக்க வழி இருக்கும்போது, ருசிக்காகக் கொஞ்சம் போட்டால் போதும். மீதியை உப்பில்லாமல் உறைய வையுங்கள்.

அப்பளமும் ஊறுகாயும்: அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் இருக்கிறது. அதுவும் சோடியம்தான். நெய்ச்சோறு, தால்ச்சா, ஊறுகாய், அப்பளம் என்று ஒரே வேளையில் நான்கு உப்புப் பண்டங்கள் சேர்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. நான்கில் இரண்டை எடுத்துவிடுங்கள்.

சமையல் சோடா: வடை, போண்டா, பஜ்ஜி, பரோட்டா, கடைக் கேக் ஆகியவற்றில் சேர்வது. ஒரு டீஸ்பூன் சோடாவில் சுமார் 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஏறத்தாழ 3 கிராம் உப்புக்குச் சமம். உப்புக் கரிப்பதில்லை என்பதால் நாம் கவனிப்பதில்லை. வயிறு உப்பினால் சோடா உப்புக் கரைத்துக் குடிக்கும் பழக்கமும் இதே கணக்கில் வரும்.

பொட்டலப் பண்டங்கள்: உடனடி நூடுல்ஸ், சிப்ஸ், மிக்சர், சாஸ், சூப் பொடி, பிரியாணி மசாலாக் கட்டி, ரொட்டி, பிஸ்கட். பொட்டலத்தின் பின்புறம் நூறு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். சோடியம் 400 என்றிருந்தால் உப்பு 1,000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் இந்தக் கணக்கை ஒப்படையுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள்.

மூன்று தவறான நம்பிக்கைகள்

முதலாவது, இந்துப்பு. "இது சாதா உப்பு இல்லை, அழுத்தத்துக்கு நல்லது" என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். கல்லுப்பும் அப்படித்தான். தாராளமாகப் போட்டால் அழுத்தம் ஏறும். அயோடின் சேர்க்காத உப்பை மட்டுமே பயன்படுத்தினால் தைராய்டுக்கும் கேடு.

இரண்டாவது, அதிமதுரம். இருமலுக்கும் தொண்டைக்கும் நாட்டு மருந்தாக இதைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. அதிமதுரத்தில் உள்ள ஒரு பொருள் உடலில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை இழக்கச் செய்து, அழுத்தத்தை ஏற்றும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. இயற்கைப் பொருள் என்பதாலேயே கேடில்லாதது ஆகிவிடாது.

மூன்றாவது, "மாத்திரை சாப்பிடுகிறேன், அது பார்த்துக்கொள்ளும்" என்பது. உப்பு மிகுந்தால் மாத்திரையின் பலன் குறைகிறது. அளவைக் கூட்ட வேண்டி வருகிறது. இதன் மறுபக்கமும் தவறுதான். சாப்பாட்டை மாற்றி எண் இறங்கியதும் தாமாக மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எண் இறங்கியிருப்பது மாத்திரையும் உணவும் சேர்ந்து செய்த வேலை. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான்.

பொட்டாசியம் கலந்த, சோடியம் குறைந்த உப்பு பற்றியும் கேட்கிறார்கள். இதில் உண்மையான பலன் உண்டு. சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் வீட்டு உப்பை மாற்றாதீர்கள்.

படிப்படியாகக் குறைக்கும் முறை

ஒரே நாளில் உப்பைப் பாதியாக்கினால் வீடே சண்டைக்கு வரும். நாக்கு பழக்கத்துக்கு அடிமை. மெல்லக் குறைத்தால் சில வாரங்களில் அதே நாக்கு குறைந்த உப்பை நிறைவாக உணரும். பிறகு பழைய அளவு கரிக்கும்.

முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம். கையால் அள்ளிப் போடுவதை விட்டுக் கரண்டியால் அளந்து போடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீஸ்பூன் என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் வாரம் சாப்பாட்டு விரிப்பிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். குழம்பில் உப்பிருப்பதால் சோற்றில் இல்லாதது பெரும்பாலும் தெரியாது. இடியாப்ப மாவிலும் பாதி போதும். பாயாவோ தேங்காய்ப்பாலோ சேரும்போது ருசி வந்துவிடும்.

மூன்றாம் வாரம் முதல் குழம்பிலும் ஆணத்திலும் போடும் அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒரு பங்கு. இரண்டு மூன்று மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். யாரிடமும் அறிவிக்க வேண்டியதில்லை.

உப்பு குறையும் இடத்தில் புளிப்பும் காரமும் மணமும் நிற்க வேண்டும். எலுமிச்சை, மாங்காய், புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, புதினா, மல்லி எல்லாம் நம் அடுக்களையில் உள்ளவைதான். உப்பைச் சமையலின் கடைசியில் போட்டால் நாக்கில் சீக்கிரம் தெரியும். குறைவாகப் போட்டாலும் போதும். மீனை உப்பில் ஊறவைப்பதற்குப் பதிலாக மிளகு, மஞ்சள், எலுமிச்சை தடவி ஊறவைத்துப் பாருங்கள்.

கூட்ட வேண்டியவை

1997-இல் அமெரிக்காவில் 459 பேரை வைத்து ஓர் உணவு ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் உப்பு ஒரே அளவு. ஒரு பிரிவினருக்கு மட்டும் காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறையக் கொடுத்து, கொழுப்பையும் இனிப்பையும் குறைத்தார்கள். எட்டு வாரத்தில், உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் 11 புள்ளியும் கீழ் எண் 5 புள்ளியும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறங்கின. உப்பைத் தொடாமலேயே இவ்வளவு. உப்பையும் சேர்த்துக் குறைத்தபோது இன்னும் இறங்கியதை 2001-இல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது.

இதை நம் தட்டுக்குக் கொண்டுவருவது கடினமல்ல. தால்ச்சாவில் கொழுப்பும் எலும்பும் குறைந்து, கத்தரிக்காய், வாழைக்காய், சுரைக்காய், மாங்காய், பருப்பு கூடட்டும். கறி ஆக்கும் நாளில் கறிக்கு நிகராக ஒரு காய் இருக்கட்டும். வாரத்தில் நான்கு நாள் கீரை. முருங்கைக்கீரை வீட்டு வாசலிலேயே கிடைக்கும். புதிய மத்தியும் அயிலையும் குழம்பாக வரட்டும். பொரிப்பது எப்போதாவது போதும். மாலையில் சமோசாவுக்குப் பதில் கொய்யா, பப்பாளி, வாழைப்பழம், அல்லது குறைந்த உப்பில் வேகவைத்த கொண்டைக்கடலை. மோரில் உப்புப் போடாமல் சீரகமும் கறிவேப்பிலையும் போடலாம். சர்க்கரை நோயும் உள்ளவர்கள் பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகள் இந்தப் பட்டியல் முழுவதையுமே, குறிப்பாக இளநீரையும் பேரீச்சையையும் வாழைப்பழத்தையும், மருத்துவரைக் கேட்ட பிறகே கூட்ட வேண்டும்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும் உதவும். ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு. ஐந்து கிலோ என்பது சிறிய விஷயமல்ல.

ரமலானில் கவனம்

ஆண்டு முழுதும் காப்பாற்றிய ஒழுங்கு ரமலானில் குலைவது பல வீடுகளில் நடக்கிறது. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் தண்ணீரும் நல்ல தொடக்கம். அதன் பிறகு வடை, சமோசா, கட்லெட், கஞ்சி, சம்பல் என்று வரிசையாக வரும் உப்புதான் பிரச்சினை. பொரித்த பண்டம் ஒன்று போதும். அந்த இடத்தில் பழம் இருக்கட்டும். ஸஹரில் கருவாடும் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் பகல் முழுதும் தாகம் வாட்டும். இது நோயில்லாதவருக்கும் பொருந்தும்.

நோன்புக் கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிவாசலில் ஒரே தேக்சாவில் காய்ச்சும் கஞ்சி முந்நூறு, நானூறு பேருக்குப் போகிறது. முப்பது நாளும் போகிறது. மஹல்லாவின் முதியவர்கள் பெரும்பாலும் அதைக் குடிக்கிறார்கள். அந்தத் தேக்சாவில் உப்புப் போடும் ஒரு கை, அத்தனை பேரின் இரத்த அழுத்தத்தையும் தொடுகிறது. ஜமாஅத் நிர்வாகிகள் கஞ்சி காய்ச்சுபவரை அழைத்து, உப்பை அளந்து போடவும், பிறை ஒன்றிலிருந்தே கால் பங்கு குறைத்துப் போடவும் சொன்னால் செலவில்லாத பெரிய சேவை அது. கஞ்சியில் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் மல்லி புதினாவும் இருக்கும்போது குறை தெரியாது.

மாத்திரை விஷயத்தில் ரமலானுக்குப் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தர முடியும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடலில் நீர் வற்றும் அபாயம் இருப்பதால் அளவையே மாற்ற வேண்டியிருக்கலாம். நோன்பு வைத்தால் ஆபத்து என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டும். குணமாகும் நோய் என்றால் பின்னர் களா, தீராத நோய் என்றால் ஃபித்யா என்று வழி தெளிவாக இருக்கிறது. "ஊர் என்ன சொல்லும்" என்று மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு வைப்பது தக்வா ஆகாது.

வலீமாவும் சஹனும்

நம் கடலோர ஊர்களில் விருந்து என்றால் சஹன். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பது. அங்கே ஒருவருக்கு மட்டும் உப்பில்லாச் சாப்பாடு என்பது நடக்காத காரியம். சஹனின் அழகே எல்லோருக்கும் ஒன்று என்பதில்தான் இருக்கிறது. அப்படியானால் குறைய வேண்டியது சஹனுக்கு வரும் உப்பு. கல்யாண வீட்டுக்காரர் பண்டாரியிடம் "ஐயாமாருங்க நிறைய வர்றாங்க, உப்பை ஒரு பிடி குறைச்சே போடுங்க" என்று சொல்லிவிடலாம். நோயாளியாக விருந்துக்குப் போகிறவர்கள் கறியின் சாற்றையும் ஊறுகாயையும் தவிர்த்து, கறியும் சோறும் அளவாக எடுத்து, அன்று மற்ற இரண்டு வேளையும் வீட்டில் இலேசாகச் சாப்பிட்டால் போதும். விருந்தையே தவிர்த்து வீட்டில் முடங்க வேண்டியதில்லை.

வீட்டில் எப்படிப் பேசுவது?

"உப்புச் சாப்பிடாதீங்க, சாப்பிடாதீங்க" என்று வாப்பாவை நாள் முழுதும் அதட்டுவது பயன் தராது. வயதான ஆண்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு வெளியே கடையில் சாப்பிடப் போய்விடுகிறார்கள். "வாப்பா, நாங்க எல்லாருமே குறைச்சுட்டோம்" என்று சொல்லி ஒன்றாக உட்காருங்கள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அது உபசாரப் பேச்சல்ல, பிள்ளைகளின் சொந்த நலனும்தான்.

உம்மாவுக்கு நோய் என்றால் நிலைமை வேறு. அவர் எல்லோருக்கும் ருசியாக ஆக்கிப் போட்டுவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடுகிறார். தமக்காக உப்பைக் குறைக்கச் சொல்ல அவருக்கு வாய் வராது. அங்கே மகன்தான் முதலில் பேச வேண்டும்: "எனக்கு உப்புக் கம்மியா போடுங்கம்மா." ஆண்கள் "சப்பென்று இருக்கிறது" என்று தட்டைத் தள்ளுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. உப்பு எவ்வளவு என்பதைச் சமைக்கும் பெண்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. குறை சொல்லும் நாக்குகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

அளந்து பாருங்கள்

மாற்றம் வேலை செய்கிறதா என்பதைக் கருவி சொல்லும். டீ குடித்து, புகைத்து, நடந்து வந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு மருத்துவருக்கு மிகவும் உதவும். கருவி இல்லாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தமிழ்நாட்டில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். இதைப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

மூட்டுவலிக்குக் கடையில் தாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும் என்பதை முதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒன்றை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். திடீரென முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். தைலம் தேய்த்து, ஓதிப் பார்த்து, காலையில் போகலாம் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். துஆவை வண்டியில் போகும்போதே கேட்கலாம். முதல் சில மணி நேரத்தில்தான் மூளையைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு வழியிருக்கிறது.

ஆரம்பத்தில் சொன்ன பெரியவர் இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். அவர் வீட்டில் இன்று ஒரே சட்டிதான். பிள்ளைகள், மருமகள், பேரன் எல்லோரும் அதையே சாப்பிடுகிறார்கள். "முதல்லயே இப்படிச் செஞ்சிருக்கலாம் ஹஜ்ரத்" என்று அந்த அம்மா சொன்னார். அவருக்குத் தாமதமாகத் தெரிந்தது நமக்கு இன்றே தெரிந்துவிட்டது. இன்று மாலை அடுக்களைக்குப் போய், உப்புப் பொட்டலத்தின் மேல் தேதியை எழுதுவதிலிருந்து தொடங்குவோம். நமக்கும் நம் பெற்றோருக்கும் அல்லாஹ் ஆரோக்கியமான நீண்ட ஆயுளைத் தருவானாக. ஆமீன்.